உச்சைக்கு முன்னே ஒரு ஆமென்

எங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஆட்கள் வருவதற்கு முன்னால் நாற்காலிகள் வந்துவிட்டன.

கேரளத் தென்கோடியில், ஒற்றசேகரமங்கலம் போகிற வழியில் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுக் கட்டிய கட்டிடம் அது. பெயின்ட் வாசம் போகவில்லை. ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை. பாடம் எடுக்க ஆசிரியர்கள் இல்லை. ஆனால் ஒரு லாரி நிறைய நாற்காலிகள் வந்து இறங்கின. மூன்று ரகம். தலை வரைக்கும் தாங்குகிற சுழல் நாற்காலி, கை வைத்த நாற்காலி, கையில்லாத மொட்டை நாற்காலி. பேராசிரியர், இணைப் பேராசிரியர், உதவிப் பேராசிரியர் என்று மூன்று படி உண்டு என்று யாரோ தலைவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் உடனே அதற்குத் தக்கபடி ஆர்டர் கொடுத்துவிட்டார்.

தலைவர் என்றால் டிரஸ்டின் தலைவர். ரப்பர் ஷீட் வியாபாரம் செய்பவர், பழைய மிஷன் சபைக் குடும்பம். சபையில் எது வாங்கிக் கொடுத்தாலும், கொடுத்தவர் பெயரையும் அது யார் நினைவாக என்பதையும் அதன் மேல் எழுதிவிடுவது இங்கே வழக்கம். பெஞ்சில் எழுதுவார்கள், மைக் ஸ்டாண்டில் எழுதுவார்கள், ஃபேன் இறக்கையில்கூட எழுதுவார்கள். ஃபேன் சுற்றும்போது அதை யார் வாசிப்பது என்று யாரும் கேட்டதில்லை. அந்த வழக்கப்படி எங்கள் நாற்காலிகளின் முதுகிலும் வெள்ளை பெயின்டில் காலஞ்சென்றவர்கள் வரிசையாக வந்து சேர்ந்தார்கள்.

நான் அப்போது அங்கே பதிவாளர் அலுவலகத்தில் தற்காலிக டைப்பிஸ்ட். எம்.காம். முடித்து, நெட் தேர்வும் பாஸாகி, டைப்பிஸ்ட். பதிவாளர் சாறு, அதாவது சார், அரசுக் கல்லூரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், வீடு நெய்யாற்றின்கரையில். சர்வீஸ் விதிகளை அவர் வாசிப்பதைக் கேட்டால் பஜனை பாடுவதுபோல இருக்கும், அவ்வளவு ரசிப்பார். யாரை எந்தப் படியில் வைப்பது என்று அவருக்கும் தலைவருக்கும் தினமும் சண்டை. நடுவில் உட்கார்ந்து நான் டைப் அடிப்பேன், அழிப்பேன், மறுபடி அடிப்பேன்.

"எல்லாரையும் புரொபசர்னு போட்டா என்ன சாறே?" என்பார் தலைவர். "ஆளுவளுக்கும் ஒரு சந்தோஷம் உண்டும்."

"அங்ஙன பற்றில்ல. புரொபசர் ஆகணும்னா அதுக்கு யோக்யத வேணும், வருஷக் கணக்கு வேணும்."

"எனக்க வீட்டுப் பக்கத்துல ஒரு ஆளு கேட்ல புரொபசர்னு எழுதி வச்சிருக்காரே. அவரு லெக்சரர் ஆட்டுதான் ரிட்டயர் ஆனாரு."

"அது கேட். இது யூனிவர்சிட்டி."

தலைவரைக் குறை சொல்லவும் முடியாது. பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் நடந்து பாருங்கள். கல்லூரியில் ஒருநாள் சாக்பீஸ் பிடித்தவர்கூட கேட்டில் 'புரொபசர்' போடாமல் இருந்தால் அந்த வீட்டுக்காரருக்கு ஏதோ மனக்கஷ்டம் என்று அர்த்தம்.

கடைசியில் பதிவாளர்தான் ஜெயித்தார். படிகள் விதிப்படி நின்றன. அதன் பலன் என்னவென்றால், காமர்ஸ் துறைக்குப் பேராசிரியராக ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. இணைப் பேராசிரியராகத் தேர்வான ஒருவர் வந்து ரோட்டைப் பார்த்துவிட்டு வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போனார். மிச்சம் உதவிப் பேராசிரியர்கள் இரண்டு பேர். ஒன்று, டைப் அடித்த கையோடு விண்ணப்பமும் போட்டிருந்த நான். இன்னொன்று அவன்.

அவன் தனுவச்சபுரத்தில் என்னோடு படித்தவன். களியக்காவிளையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து முதல் பெஞ்சில் உட்காருவான். எந்தப் பரீட்சையானாலும் முதலில் அவன் பெயர், அடுத்து என் பெயர். படிப்பு முடிகிற வரைக்கும் அந்த வரிசை மாறவே இல்லை. நான் ராத்திரி விழித்துப் படித்தால் அவன் தூங்கி எழுந்து எழுதி எனக்கு மேலே போவான். அதனாலேயே அவன்மேல் கோபமும் வராது, எரிச்சல் மட்டும் வரும்.

துறையில் பெரியவர் இல்லாததால், எங்கள் இருவரில் யார் சீனியரோ அவர் துறைத்தலைவர். தலை தாங்குகிற சுழல் நாற்காலி துறைக்கு ஒன்றுதான். சீனியர் யார் என்பதற்குப் பதிவாளர் விதி வைத்திருந்தார். ஒரே நாளில் வேலைக்குச் சேருகிறவர்களில், முற்பகலில் யார் முதலில் ரெஜிஸ்டரில் ஒப்பு போடுகிறார்களோ, அதாவது கையெழுத்து, அவர் சீனியர். உச்சைக்கு, அதாவது நடுப்பகலுக்கு மேல் ஆகிவிட்டால் எல்லாம் பிற்பகல் கணக்கு. அப்போது வயதில் மூத்தவர் சீனியர்.

"அது ஏன் சாறே, உச்சைக்கு முன்ன ஒரு விதி, பின்ன ஒரு விதி?" என்று கேட்டேன்.

"நான் சர்வீஸ்ல அங்ஙனயாக்கும் கண்டது. நீ டைப் அடி மோளே."

அடித்தேன். அவன் பிறந்தது ஓணத்துக்கு. நான் பிறந்தது அதே வருஷம் கிறிஸ்மஸுக்கு. பிற்பகல் ஆனால் அவன்தான் துறைத்தலைவன். ஆனால் எனக்கென்ன பயம்? என் வீடு குன்னத்துகாலில், கையில் ஸ்கூட்டர் உண்டு. காலையில் முதல் ஆளாகப் போய் ஒப்பு போட வேண்டியதுதான். வீட்டில் அப்பா ஏற்கனவே சாயாக்கடை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்: மகள் துறைத்தலைவி.

சேருகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் டிவியில் சொன்னார்கள். நாளைக்கு ஹர்த்தால்.

எதற்கு ஹர்த்தால் என்று அப்போதும் எனக்குத் தெரியாது, இப்போதும் தெரியாது. முதல் வேலையாக அவனுக்கு போன் போட்டேன்.

"எலே, நியூஸ் கண்டியா? நாளைக்கு உனக்கு பஸ் கிடையாதாக்கும்."

"எனக்கு காலு உண்டு பிள்ளே. பைய நடந்து வாறேன்."

"நீ நடந்து வாறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிருவேன்."

"ஆயிக்கோ. ஆனா ஒரு காரியம் ஆலோசிச்சியா?" அவன் சிரிப்பது போனில் கேட்டது. "ரெஜிஸ்டர் இருக்கது பதிவாளருக்க பேக்ல. பதிவாளரு இருக்கது நெய்யாற்றின்கரையில. அவரு உச்சை கழிஞ்சு வந்தா, நான் ஓணத்துப் பிள்ளையாக்கும்."

அதை நான் ஆலோசித்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் குன்னத்துகால் கடைகள் எல்லாம் ஷட்டர் போட்டுக் கிடந்தன. ரோட்டில் பையன்கள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கேட் திறந்துதான் கிடந்தது, பதிவாளர் அறைதான் பூட்டிக் கிடந்தது. வெயில் ஏறுகிற வரைக்கும் படியில் உட்கார்ந்திருந்தேன். பொறுக்க முடியாமல் பதிவாளருக்கு போன் செய்தேன்.

"மோளே, இவிட ஜங்ஷன்ல வண்டிய தடுத்துப் போட்டானுவ. டிரைவர் வண்டிய திரிச்சு வீட்டுக்குக் கொண்டு போயாச்சு. நான் பேக்கும் கொண்டு ஒரு கடைத் திண்டுல இருக்கேன்."

"நாளைக்குப் போட்டா என்ன சாறே?"

"ஆர்டர்ல இன்னைக்கு தேதியாக்கும். தேதி ஹர்த்தால் அறியாது."

"அப்ப அங்கயே இருங்க. நான் வாறேன்."

ஸ்கூட்டரைத் திருப்பினேன். அந்த நேரம் பார்த்து அவன் மேடேறி வருகிறான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஷூ, வாயில் வாழைப்பழம். அவசரமே இல்லாத நடை.

"எங்கோட்டு இவ்வளவு வேகம்?"

"பதிவாளரக் கூட்டிட்டு வர."

பழத்தோலை எறிந்தான். ஷூவை மாட்டினான். கேட்காமலே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, தன் பையை எனக்கும் அவனுக்கும் நடுவில் வைத்தான்.

"நீ எதுக்குலே?"

"உன்ன எனக்கு அறியாம்லா. தனியா விட்டா நீ வழியில ஏதாவது மரத்துல வச்சு ஒப்பு போட்டுட்டு வருவ."

அந்த யோசனை எனக்கு உண்மையாகவே வந்திருந்தது. ஆகையால் அவனுக்கும் ஒரு ஹெல்மெட்டைக் கொடுத்து வண்டியை விட்டேன்.

ஜங்ஷனில் ரோட்டுக்கு நடுவே ஒரு கேரம் போர்டு. அதைச் சுற்றி ஹர்த்தால்காரர்கள். ஓரத்தில் பூட்டிய கடையின் திண்டில் பதிவாளர் மடியில் பேக்கை வைத்து, கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்தவர்போல விறைப்பாக உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் கேரம் ஆடிக்கொண்டிருந்த ஒரு அண்ணன் எழுந்தார். முண்டு என்கிற வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் கொடி.

"எங்ஙோட்டா மக்களே? ஹர்த்தால்னு அறிஞ்சூடே?"

"ஜாயினிங் சேட்டா," என்றேன். "இன்னைக்கு எனக்கு வேலையில ஜாயினிங். உச்சைக்கு முன்ன ஒப்பு போடணும்."

"எனக்கும் ஜாயினிங்," என்றான் பின்னாலிருந்து அவன்.

அண்ணனின் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும். கேரம் ஆடியவர்கள் எல்லோரும் தலை தூக்கினார்கள்.

"ஜாயினிங்கா! முற்பகலா?"

"முற்பகல்தான்."

"எடா, மணி என்னடா ஆச்சு?" என்று பின்னால் பார்த்துக் கத்தினார் அண்ணன். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை எழுதிவிட்டு ரேங்க் லிஸ்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஹர்த்தால் நாளில் கல்யாண வண்டியைக்கூட நிறுத்தி விசாரிப்பார்கள். ஜாயினிங் என்ற வார்த்தைக்கு எந்தக் கட்சியும் வழி விட்டுவிடும்.

"இந்தச் சாறுக்க கையில ஆக்கும் ரெஜிஸ்டர்," என்று திண்டைக் காட்டினேன்.

அண்ணன் பதிவாளரிடம் ஓடினார். "எந்தா சாறே இது! ஆபீஸ் காரியம்னு பறஞ்சா நான் விடுவனா? ஆபீஸுக்கு எதிராட்டுதானே ஹர்த்தால்! பிள்ளைங்களுக்கு ஜாயினிங்னு ஒரு வாக்கு பறயப்பிடாதா? எனக்க அனியத்திப் பிள்ள ஒரு ஜாயினிங்குக்கு எத்ர காத்திருக்கானு சாறுக்கு அறியுமா?"

"ஜாயினிங் ஆபீஸ் காரியம்தான்," என்றார் பதிவாளர், விட்டுக்கொடுக்காமல்.

"ஏறுங்க சாறே, மூணு பேருமா போயிரலாம்," என்றேன்.

அவர் என்னையும் ஸ்கூட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "மூணு பேரா? நியமம் அறியாத்த ஆளா நீ? நாளைக்கு நீ பிள்ளைங்களுக்கு என்ன படிப்பிப்ப?"

அப்படியென்றால் இரண்டு பேர். வண்டி என்னுடையது. பதிவாளர் வந்தே ஆக வேண்டும். நான் மெதுவாகத் திரும்பி அவனைப் பார்த்தேன். அவன் புரிந்துகொண்டு மெதுவாக இறங்கினான்.

"ஹெல்மெட்ட சாறுக்குக் குடு மக்கா," என்றேன். "உனக்குத்தான் காலு உண்டுல்லா. பைய நடந்து வா."

வாழ்க்கையில் சில வாக்கியங்கள் சொல்லும்போதே இனிக்கும். முதல் பெயர், இரண்டாம் பெயர் எல்லாவற்றுக்கும் சேர்த்து அது இனித்தது. வண்டியை ஸ்டார்ட் செய்தேன்.

"நில்லு நில்லு," என்றார் அண்ணன். "ஒராளு ஜாயின் பண்ணி, ஒராளு வழியில நிக்கதா? அது எந்து நியாயம்? எடா, எனக்க வண்டிய எடு."

இப்படியாக, ஹர்த்தால் நாளில் ஹர்த்தால்காரரின் பைக்கே ரோட்டில் இறங்கியது. முன்னால் கொடி கட்டிய பைக்கில் அண்ணனும் அவனும். பின்னால் என் ஸ்கூட்டரில் நானும், ஹெல்மெட்டுக்குள் பதிவாளரும். அதற்குப் பின்னால் அண்ணனின் ஆட்கள் இன்னும் இரண்டு பைக்கில், வேடிக்கை பார்க்க. வழியில் எங்கே ஆள் நின்றாலும் அண்ணன் ஒரே சத்தம்: "ஜாயினிங்! ஜாயினிங்!" கிரிக்கெட் ஆடிய பையன்கள் ஸ்டம்பைப் பிடுங்கி வழி விட்டார்கள். ஒரு கிழவர் வேலிக்கு மேல் கைதூக்கி ஆசீர்வாதமே செய்தார். பதிவாளர் என் காதுக்குப் பின்னால், "ஸ்பீட் லிமிட், ஸ்பீட் லிமிட்," என்று ஜெபித்துக்கொண்டே வந்தார்.

அவன் எனக்கு முன்னாலேயே போய் இறங்கிவிட்டான். ஆனால் ரெஜிஸ்டர் என் பின்சீட்டில் அல்லவா இருக்கிறது. போர்ட்டிகோவுக்குள் ஓடினோம். பதிவாளர் அறைப் பூட்டைத் திறந்து மேஜையில் ரெஜிஸ்டரை விரித்தார், பேனாவைத் திறந்து அதன் மேல் வைத்தார். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு முள்ளும் ஒன்றையொன்று தொடப் போயின. நான் கையை நீட்டினேன்.

"ஜெபிக்காமலா?" என்றது ஒரு குரல்.

தலைவர். வெள்ளைச் சட்டை, கையில் வேதாகமம். அவர் வீடு பக்கத்துத் தோட்டத்தில்தான், நடந்தே வந்திருக்கிறார். "முதல் ஒப்பாக்கும் மக்களே. நம்ம யூனிவர்சிட்டியில முதல் ஒப்பு. ஆண்டவருக்கு நன்றி சொல்லாம பேனாவத் தொடப்பிடாது. எல்லாரும் கண்ண மூடுங்க."

மூடினோம். தலைவரின் ஜெபத்தை சபையில் கேட்டவர்களுக்குத் தெரியும். அவர் அவசரப்படுகிற ஆள் இல்லை. முதலில் உலகத்தைப் படைத்ததற்கு நன்றி சொன்னார். பிறகு இந்த மலையைப் படைத்ததற்கு. பிறகு மிஷனரிகளை அனுப்பியதற்கு. ரப்பர் விலைக்காக ஒரு சின்ன விண்ணப்பம். அஸ்திவாரம், செங்கல், கொத்தனார். நான் ஒரு கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் அவனும் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் அப்படியொரு பக்தி. இந்த ஜெபம் நீள நீள அவன் துறைத்தலைவன்.

பதிவாளர் கைகூப்பி நின்றார், கண் மட்டும் வாட்சில். அண்ணனும் ஆட்களும் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டு, மரியாதையாகத் தலை குனிந்து வாசலில் நின்றார்கள். இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை, எங்களைப் பார்த்துச் செய்யலாம் என்று நின்றார்கள்.

"ஹர்த்தால் நடத்துகிற சகோதரர்களையும் நினைத்தருளும்," என்றார் தலைவர்.

அண்ணன் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"நாற்காலிகளைத் தந்த குடும்பங்களை ஆசீர்வதியும். அதில் உட்காரப் போகிறவர்களை ஆசீர்வதியும்..."

இங்கே தலைவர் மூச்சு வாங்க நிறுத்தினார். எனக்கு அவர் பழக்கம் தெரியும். ஒரு காரியம் முடித்து அடுத்த காரியத்துக்குப் போகும் முன் இப்படி நிறுத்துவார். அடுத்து 'மேலும் ஆண்டவரே' என்று வரும். கடிகார முள் நகர்வதைப் பார்த்தேன். உட்காரப் போகிறவர்களை ஆசீர்வதித்தாயிற்று. எனக்கு வேண்டியது வந்துவிட்டது.

"ஆமென்!" என்றேன், நல்ல சத்தமாக.

"ஆமேன்!" என்று வாசலே அதிரச் சொன்னார் அண்ணன். அவர் ஆட்களும் சொன்னார்கள். இத்தனை பேர் சொன்னபிறகு தனக்கென்ன என்று பதிவாளரும் சொல்லிவிட்டார். சபை வழக்கத்தில் ஒன்று மட்டும் மாறாது. எல்லோரும் ஆமென் சொல்லிவிட்டால் ஜெபம் முடிந்தது. அதற்கு மேல் யாராலும் தொடர முடியாது, தலைவராலும் முடியாது.

தலைவர் கண்ணைத் திறந்தபோது என் ஒப்பு காய்ந்துகொண்டிருந்தது.

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்துக்கொண்டே என் பெயருக்கு அடியில் தன் பெயரை எழுதினான். அவனுக்கு அந்த இடம் புதிது. எழுத்துகூடக் கொஞ்சம் கோணலாக வந்தது. பதிவாளர் வாட்சைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி வாட்சைப் பார்த்தார். பிறகு இரண்டு ஒப்புக்கும் நேரே 'முற்பகல்' என்று எழுதி சீல் குத்தினார்.

"நான் லைப்ரரிக்கு இன்னும் ஜெபிக்கேல்லியே," என்றார் தலைவர், ரொம்ப மெதுவாக.

"அது பிற்பகல்ல வச்சுக்கலாம்," என்றார் பதிவாளர். அண்ணனும் ஆட்களும் சாயா குடித்து, பழம்பொரி தின்றுவிட்டு மறுபடி ஹர்த்தால் நடத்தப் போனார்கள்.

சுழல் நாற்காலி எனக்கு வந்தது. தலைவரின் அப்பா நினைவாகச் செய்தது அது. முதுகில், சரியாக என் தலை இருக்கிற உயரத்தில், 'நித்திய இளைப்பாறுதலில்' என்று பெரிய எழுத்தில் உண்டு. என் அறைக்கு வருகிறவர்கள் முதலில் அதை வாசித்துவிட்டுப் பிறகுதான் என்னைப் பார்க்கிறார்கள். இளைப்பாறுதல் எங்கே? பிள்ளைகளைச் சேர்ப்பது துறைத்தலைவர் பொறுப்பாம். பதிவாளர் அந்த விதியை ஒப்பு போட்ட பிறகுதான் வாசித்துக் காட்டினார். வீடு வீடாக ஏறி இறங்கினேன். அவனும் கூட வந்தான். துறை என்றால் நாங்கள் இரண்டு பேர்தானே, துறைக்கூட்டத்தை ஸ்கூட்டரிலேயே முடித்துவிடுவோம்.

முதல் ஆளாக வந்து சேர்ந்தது ஹர்த்தால் அண்ணனின் தங்கை, அந்த அனியத்தி, ரேங்க் லிஸ்ட் வருகிற வரைக்கும் படிக்கட்டும் என்று. பி.காம். அண்ணனே கூட்டிக்கொண்டு வந்து வராந்தாவில் நின்று என் அறையை விசாரித்தார். "அந்த ஆமேன் டீச்சருக்க முறி ஏது?" அன்றோடு பேர் நிலைத்துவிட்டது. துறைத்தலைவர் என்று டைப் அடித்த பலகையை யாரும் வாசிப்பதில்லை.

லைப்ரரியில் இன்னும் புத்தகம் வரவில்லை. அலமாரிகள் வந்துவிட்டன, அவற்றின் முதுகில் பெயர்களும் வந்துவிட்டன, புத்தகம் மட்டும் வரவில்லை. பிள்ளைகள் கேட்டால் அவன் என் அறைப் பக்கம் கையைக் காட்டுகிறான்.

"அங்க போய் கேளுங்க மக்கா. லைப்ரரிக்குப் போக வேண்டிய ஜெபத்துக்க மேல ஏறி ஒரு ஆளு இருக்கு."

போன வாரம் ஸ்டாஃப் மீட்டிங். தலைவர் ஜெபிக்க எழுந்தார், கண்ணை மூடப் போனார், ஏதோ நினைவு வந்ததுபோல மறுபடி திறந்து என்னைப் பார்த்தார்.

"டீச்சரே, ஆமென் நான் சொல்லுவேன், கேட்டியா? நான் சொன்ன பொறவு நீ சொன்னா மதி."

சரி என்று தலையாட்டினேன். அன்றைக்கு லைப்ரரிக்காகவே அவர் வெகுநேரம் ஜெபித்தார். நான் வாயைத் திறக்கவே இல்லை. கடைசியில் ஆமென் முதலில் வந்தது பக்கத்தில் அவனுடைய மொட்டை நாற்காலியிலிருந்து.